வித்துக்களின் காவலர் நிக்கொலாய் வாவிலோவ்

பால்மாடு வைத்திருப்போரும் குதிரை வளர்ப்போரும் குதிரை மசால் என்னும் பசுந்தீவனத்தை நன்கறிவர். அறுக்க அறுக்கத் தழைப்பதும், அவரையினத்தைச் சேர்ந்ததாதலின் வேர்முடிச்சுக்களிலே காற்றின் நைட்ரஜனைக் கட்டி வைத்து நிலத்தை வளப்படுத்துவதுமாகிய இச்செடி நமது நாட்டுக்கு உரியதன்று. பாரசீகம், காக்கேசியா, மத்திய ஆசியா ஆகிய மேட்டு நிலங்களே இதன் பிறப்பிடம். பாரசீகருடைய குதிரைப்படையோடு கிரேக்க நாட்டிற்கும், அங்கிருந்து ரோமருடைய வயல்களுக்கும், ஸ்பானியருடன் அமெரிக்காவிற்கும் இது சென்று குடியேறியது.

சென்ற இடமெங்கும் இச்செடி ஒரே தன்மையதாய் இருந்துவிடவில்லை. 1857ஆம் வருஷத்தில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் மின்னஸோட்டாப் பிரதேசத்திற்குக் குடிபெயர்ந்த வெண்டலின் கிரிம் என்னும் உழவர், தம் ஊரிலிருந்து சிறிதளவு மசால் விதை கொண்டு போனார். அந்நாட்டுக் கடுங்குளிரில் செடிகளிற் பெரும்பாலானவை ஆண்டுதோறும் மடிந்தன. அவரோ மடியாது எஞ்சிய சிலவற்றின் விதையைச் சேர்த்து மீண்டும் மீண்டும் விதைத்து வந்தார். பல்லாண்டுகள் கழிந்தபின் அவர் வயலில் நின்றது பனிக்கு அஞ்சாத புதிய மசால். கிரிம் மசால் என்று வட அமெரிக்கா முழுவதும் பின்னர் பரவியது அதுவேயாம். அவர் கொணர்ந்த ஒரு சிறு மூட்டையில் குளிர் தாங்கும் விதையும் தாங்காத விதையும் கலந்திருந்தமையாலன்றோ இது கைகூடிற்று? விதைகள் யாவும் ஒரே தன்மையனவாய் இருந்திருப்பின் முதற் பனிக்காலத்திலேயே அவருடைய முயற்சி முடிந்துபோயிருக்கும்.

ஒரே பயிருக்குள் மறைந்து கிடக்கும் இவ்வேற்றுமைகள் உலகில் எங்கெங்கு உள்ளன, அவற்றைத் தேடித் தொகுத்துக் காப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் ஈந்தவர் ருஷியத் தாவர சாஸ்திரியாராகிய நிக்கொலாய் இவானோவிச் வாவிலோவ். அவருடைய சரித்திரத்தை நம் கலாசாலை மாணவர்களுக்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

வாவிலோவ் 1887ஆம் வருஷம் நவம்பர் மாதம் 25ந் தேதி மாஸ்கோ நகரத்திற் பிறந்தார். தந்தையார் குடியானவர் குலத்திற் பிறந்து, சிறுவராயிருந்தபோதே நகரத்திற்கு வந்து, தம் உழைப்பினால் வணிகராய் உயர்ந்தவர். மூத்த மகனையும் வணிகத்திலேயே ஈடுபடுத்தக் கருதி வணிகப் பள்ளியிற் சேர்த்தார். மகனுக்கோ செடிகொடிகளின் மீதே நாட்டம் மிகுந்திருந்தது. இளைய மகனாகிய செர்கெய் ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியிற் புகழ்பெற்ற பௌதிக சாஸ்திரியானார். இவ்விரு சகோதரருடைய விதியும் பின்னாளில் எவ்வளவு வேறுபட்டது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

1906இல் மாஸ்கோ விவசாயக் கலாசாலையிற் சேர்ந்த வாவிலோவ், அங்கே மண்ணூட்ட சாஸ்திரத்தில் வல்லவரான பிரியானிஷ்னிகோவ் என்னும் பேராசிரியரின் மாணாக்கரானார். பயிர்களை அழிக்கும் ஓடில்லா நத்தைகளைப் பற்றியதே அவருடைய முதல் ஆராய்ச்சி. 1913இல் இங்கிலாந்து சென்று, மெண்டலுடைய பாரம்பரிய விதிகளை ஆங்கில உலகிற்கு உணர்த்திய வில்லியம் பேட்ஸன் என்பாரிடம் பயின்றார். ஒரே வயலில் ஒரே நோய் பரவும்போது சில செடிகள் வாடுவதும் சில செடிகள் சிறிதும் வாடாதிருப்பதும் ஏன் என்பதே அக்காலத்தில் அவரைப் பற்றிக்கொண்ட கேள்வி. நோயை எதிர்க்கும் ஆற்றல் பாரம்பரியமாய் வருவதாயின், அவ்வாற்றலுடைய செடிகள் பயிர்கள் பிறந்து வளர்ந்த பழைய நாடுகளிலேயே மிகுதியாய் இருத்தல் வேண்டும் என்று அவர் எண்ணலானார். பின்னாளைய யாத்திரைகளுக்கெல்லாம் வித்து இந்த எண்ணமே.

முதல் யாத்திரைக்கு ஒரு விசித்திரமான காரணம் ஏற்பட்டது. 1916இல் வட பாரசீகத்தில் தங்கியிருந்த ருஷியப் படைவீரர்கள் ரொட்டி தின்றபின் தலைசுற்றி வெறிகொண்டாற்போல் ஆயினர். காரணம் அறியும்படி வாவிலோவ் அனுப்பப்பட்டார். கோதுமை வயலிற் கோதுமையைப் போலவே வளரும் ஒரு நச்சுப் புல்லின் விதை மாவிற் கலந்திருந்ததும், அவ்விதையைப் பூஞ்சணம் பற்றியிருந்ததுமே காரணமென்று கண்டார். மத்தேயு சுவிசேஷத்தில் கோதுமைக்குள் பகைவன் விதைத்துப் போன களையைப் பற்றி வாசித்திருக்கிறோம். அந்தக் களை இந்தப் புல்லே என்பது அறிஞர் பலருடைய கருத்து. அறுவடைமட்டும் இரண்டையும் வளரவிடும்படி அவ்வுவமையிற் கூறப்படுவதன் நுட்பம், கதிர் முற்றுமுன் இவ்விரண்டையும் பிரித்தறிவது அரிது என்பதைத் தெரிந்தோர்க்கே நன்கு விளங்கும்.

ஏவிய வேலை முடிந்தபின்னும் வாவிலோவ் ஊர் திரும்பவில்லை. பாரசீகத்திலிருந்து பாமீர் மலைநாடு வரை விதை திரட்டிக்கொண்டே சென்றார். அம்மலைகளில் ஒரு புதுமையைக் கண்டார். ரை என்னும் தானியம் தாழ்ந்த நிலங்களில் கோதுமைக்குள் முளைக்கும் வெறும் களையாயிருந்தது. மலைமேல் ஏற ஏறக் குளிர் மிகுதலால் கோதுமை தளர்ந்து, ரை ஓங்கியது. உச்சியை அடுத்த வயல்களில் களையே பயிராயிற்று. அவ்வூரார் அதனையே அரைத்துண்டனர். வட ஐரோப்பாவின் அன்றாட உணவாகிய ரையைத் தேடி மனிதன் போகவில்லை. கோதுமையைத் தொடர்ந்து வந்த களை வடநாட்டுக் குளிரிலே தானே பயிராய் முடிசூடிக்கொண்டது. இதனை விளக்கிக் காட்டியவர் வாவிலோவே.

1917இல் அவர் வொல்கா நதிக்கரையிலுள்ள ஸராட்டோவ் நகரத்தில் பேராசிரியரானார். புரட்சியும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் ஒருங்கே வந்த காலம் அது. 1920ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அந்நகரிற் கூடிய பயிர்விருத்தியாளர் மகாநாட்டில் தமது புகழ்பெற்ற விதியொன்றை வெளியிட்டார். உறவுடைய செடியினங்களில் வேற்றுமைகள் தாறுமாறாய்த் தோன்றாது ஒத்த வரிசையாகவே தோன்றும் என்பது அவ்விதியின் சாரம். பட்டாணியிலே வெள்ளைப் பூவும் செந்நீலப் பூவும், உருண்டை விதையும் கோணல் விதையும் உண்டெனின், அதன் உறவாகிய வெட்ச் என்னும் தீவனப் பயற்றிலும், மைசூர்ப் பருப்பிலும், கேசரிப் பருப்பிலும் அவை போன்றவற்றை எதிர்பார்க்கலாம். ஒன்றிற் கண்டு மற்றொன்றிற் காணாததை இல்லையென்று விடாமல் இன்னும் அகப்படவில்லை என்றே கொண்டு தேடுதல் வேண்டும். ரசாயன சாஸ்திரத்தில் மெண்டலேயெவ் வகுத்த அட்டவணையோடு அவையோர் இதனை ஒப்பிட்டனர். பொருத்தமான ஒப்புமையே. அவ்வட்டவணையிலும் வெற்றிடங்களே இனித் தேடவேண்டியவற்றைச் சுட்டின.

ஸராட்டோவில் அவருக்கு மாணவியாயிருந்தவர் எலேனா பாருலினா என்னும் அம்மையார். 1926இல் வாவிலோவ் அவரை மணந்தார். நாம் மைசூர்ப் பருப்பென்று வழங்குவதும், ஏசா தன் சேஷ்டபுத்திர பாகத்தை விற்று வாங்கியுண்ட கூழுக்கு ஆதாரமாயிருந்ததுமாகிய சிறு பருப்பே அவ்வம்மையாருடைய ஆராய்ச்சிப் பொருள். 1930இல் அவர் வெளியிட்ட நூல் அப்பயிரைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அடிப்படையாய் அமைந்தது.

அப்பருப்பு வயல்களிற் காணப்பட்ட ஒரு வியப்பைச் சிறிது விரித்துக் கூறாமல் மேலே செல்ல மனமில்லை. மாட்டுத் தீவனமாகிய வெட்ச் பருப்பு வயலிற் களையாகவும் முளைக்கும். அதன் விதை இயல்பாக உருண்டையானது, பருப்போ தட்டையானது. ஆகவே களத்திற் சலித்துப் புடைக்கும்போது உருண்டை விதை எளிதிற் பிரிந்துவிடும். ஆயின் சில இடங்களில் வெட்சின் விதையும் பருப்பைப் போலவே தட்டையாய், அளவும் நிறமும் ஒத்து, எந்தச் சல்லடையிலும் பிரியாமல் நின்றது. உழவன் பருப்பென்று எண்ணி அடுத்த ஆண்டும் அதனையே விதைத்தான். தட்டை வடிவம் தற்செயலாய் அமைந்த விதைகள் மட்டுமே தலைமுறை தலைமுறையாய்ச் சல்லடைக்குத் தப்பின. களையைத் தெரிந்தெடுத்து வளர்த்தது உழவனுடைய சல்லடையே. இத்தட்டை வடிவம் ஒரேயொரு பாரம்பரியக் கூற்றின் மாற்றத்தால் உண்டாவதென்று 1959இல் ரோலண்ட்ஸ் என்னும் அறிஞர் கலப்புச் சோதனைகளாற் காட்டினார். களை பயிரைப் போலத் தோற்றங்கொள்ளும் இந்நிகழ்ச்சிக்கு இன்று உலகம் வாவிலோவ் பெயரையே இட்டு வழங்குகின்றது.

1921இல் அவர் பெட்ரோகிராட் நகரத்திலிருந்த தாவரச் சோதனை நிலையத்தின் தலைமையை ஏற்றார். அவருக்கு முன்பிருந்த ரேகெல் என்னும் அறிஞர் 1920இல் விஷக்காய்ச்சலால் மாண்டிருந்தார். கட்டடத்திற் கணப்பில்லை, வேலையாட்களுக்கு உணவில்லை. அதே ஆண்டு வொல்காப் பிரதேசத்திற் கொடிய பஞ்சம் தோன்றி லட்சக்கணக்கானோர் மாண்டனர். வாவிலோவ் அவ்வருஷமே அமெரிக்கா சென்று விதை கொண்டுவந்தார். யோசேப்பு எகிப்து தேசத்திற் களஞ்சியங்களை நிரப்பியது ஏழாண்டுப் பஞ்சத்திற்காக. இவர் நிரப்பத் தொடங்கிய களஞ்சியமோ உண்பதற்கன்று, விதைப்பதற்கு. ஒவ்வொரு வகையிலும் ஒரு பிடி மட்டுமே அதில் இருந்தது.

அவருடைய யாத்திரைகளை முற்றும் எழுதப் புகின் இவ்விதழ் போதாது. 1924இல் ஆப்கானிஸ்தானத்தில் குதிரைகளோடு மாதக்கணக்கில் அலைந்து, ஐரோப்பியர் அரிதாகவே கண்டிருந்த நூரிஸ்தான மலைகளைக் கடந்தார். காபூல் முதலிய பள்ளத்தாக்குகளில் ஷஃப்தல் என்னும் பாரசீக க்ளோவரும் மசாலும் கால்நடைக்காக வளர்க்கப்படுவதையும், ஒவ்வொரு மலையிடுக்கிலும் பயிர்கள் வேறு வேறு வடிவங்கொண்டிருப்பதையும் குறித்துக்கொண்டார். 1925இல் மத்திய ஆசியாவின் கொரேஸ்ம் பாலைவனச் சோலைகள்; 1926இலும் 1927இலும் ஸிரியா, பாலஸ்தீனம், ஸ்பெயின், இத்தாலி, அபிசீனியா; 1929இல் மேற்குச் சீனமும் ஜப்பானும் கொரியாவும்; 1930இல் மெக்ஸிகோ; 1932இல் தென் அமெரிக்கா. ஸிரியாவில் முறைக்காய்ச்சல் கண்டும் ஓய்வெடுத்தாரில்லை. அபிசீனியாவில், பின்னர் ஹெய்லி ஸெலாஸி என்னும் பெயரோடு சக்கரவர்த்தியாய் முடிசூடிய ராஸ் தபாரி இளவரசர் அவரை வரவேற்று உரையாடினார். அவர் நமது இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆயினும் பயிர்கள் தோன்றிய பெருநிலங்களுள் ஒன்றாக இந்நாட்டையும் தம் கணக்கிற் சேர்த்திருந்தார்.

1926இல் வெளியிட்ட நூலில், பயிர்கள் உலகெங்கும் பரவலாய்த் தோன்றவில்லை, சில மலைநாடுகளிலேயே பெரும்பாலும் தோன்றின என்று அவர் நிறுவினார். முதலில் ஐந்தென்று கூறிய மையங்களைப் பின்னர் எட்டாக வகுத்தார். மத்தியதரைக் கடல் மையத்தைப் பற்றி எழுதும்போது அங்கே கால்நடைத் தீவனப் பயிர்கள் மிகுந்திருப்பதைச் சிறப்பாய் எடுத்துக்காட்டினார். எகிப்தில் பெர்சீம் என்னும் க்ளோவர், இத்தாலியின் தென்பகுதியிலும் ஸிஸிலியிலும் ஸுல்லா, ஐபீரியத் தீபகற்பத்தில் ஸெர்ரடெல்லா என்று ஒவ்வொரு பழைய நாகரிகமும் தன் எருதுக்குரிய அவரையினச் செடியைத் தானே தேர்ந்துகொண்டிருந்தது.

இங்கே நமது கருத்தொன்றைக் கூறத் துணிகின்றோம். வேற்றுமை மிக்க இடமே பிறப்பிடம் என்று வாவிலோவ் முதலிற் கொண்டது முற்றும் சரியன்று. அபிசீனியாவிலே கோதுமை வகைகள் அளவிறந்து காணப்பட்டன. ஆனால் அங்கே காட்டுக் கோதுமை இல்லை. வெளியிலிருந்து வந்து குடியேறிய பயிரே பல்லாயிரம் ஆண்டுகளில் அங்கே பலவாய்ப் பிரிந்தது. பிற்காலத்து அறிஞர் இத்தகைய இடங்களைப் பிறப்பிடங்களினின்று வேறுபடுத்திப் பேசுவர். ஆகவே வந்தேறிய செடியும் புதிய மண்ணிலே புதிய வேற்றுமைகளை ஈட்டவல்லது. இதனால் அவருடைய பெருமை குறையவில்லை. தேடவேண்டிய நிலம் இன்னும் விரிந்ததென்றே கொள்ளல் வேண்டும்.

இதற்கு அவர் கால்வைக்காத ஆஸ்திரேலியாக் கண்டமே சிறந்த சான்று. மத்தியதரைக் கடற்கரைச் செடியாகிய நிலத்தடிக் க்ளோவர், பூ முதிர்ந்தபின் காம்பை வளைத்துத் தன் காயை மண்ணிற் புதைத்துக்கொள்ளும் இயல்புடையது. குடியேறியவர்களுடைய மூட்டை முடிச்சுகளில் யாரும் அறியாமலே சென்று அங்கே முளைத்தது. 1889இல் தென் ஆஸ்திரேலியாவின் மௌண்ட் பார்க்கர் என்னும் ஊரருகே ஏமஸ் ஹவர்ட் என்னும் தோட்டக்காரர் அது செழித்திருக்கக் கண்டு, அதன் பயனை எல்லோர்க்கும் எடுத்துரைத்து, அதன் விதையைப் பரப்பினார். பின்னர் அக்கண்டத்தின் தென்பகுதியில் ஊரூராய்த் தேடியபோது, மழை சீக்கிரம் நின்றுவிடும் இடங்களில் விரைந்து பூப்பனவும், நீடித்துப் பெய்யும் இடங்களில் தாமதித்துப் பூப்பனவுமாகப் பல வகைகள் தாமே நிலைபெற்றிருந்தமை தெரியவந்தது. அவற்றுட் பல அப்படியே பயிர்வகைகளாயின.

அவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் பரவிய ட்வால்கனப் என்னும் முன்பூப்பு வகையை ஓயாது மேய்ந்த ஆடுகள் 1940ஐ அடுத்த ஆண்டுகளில் கருத்தரியாமற் போயின. பெண்மை ஊக்கிநீரைப் போல் வேலை செய்யும் ஒரு பொருள் அதன் இலையில் மிகுந்திருந்ததே காரணம். ஒரே வகையையே நம்பியிருந்த மேய்ச்சற்காரர் பெருநஷ்டமடைந்தனர். அப்பொருள் குறைந்த செடிகளைத் தேடியெடுத்தும் கலப்புச் செய்துமே மீள வேண்டியிருந்தது. வந்தேறிய விதை தற்செயலாய்ச் சிறிதளவே வந்ததாகையால், அதிற் கிடையாத குணங்களுக்காக மத்தியதரைக் கடற்கரைகளுக்கே திரும்பச் சென்று விதை திரட்டவும் நேர்ந்தது. இவ்வகைத் தேவைகளுக்காகவே விதைக் களஞ்சியம் வேண்டுமென்று வாவிலோவ் தம் நாட்டாரை வற்புறுத்தி வந்தார்.

1940ஐ எட்டும்போது லெனின்கிராட் நகரத்திலிருந்த அவருடைய நிலையத்தில் ஏறக்குறைய 2,50,000 விதை மாதிரிகள் சேர்ந்திருந்தன. அத்தகைய தொகுதி அக்காலத்தில் உலகில் வேறெங்கும் இல்லை. பட்டாணி முதலிய பயறுகளை கொவோரோவ் என்பாரும், மசால் முதலிய தீவனச் செடிகளை ஸின்ஸ்காயா அம்மையாரும் ஆராய்ந்தனர்.

ஆனால் பஞ்சத்தால் வருந்திய அரசாங்கத்திற்குப் பொறுமை இல்லை. ஒரு புதிய பயிர்வகையை ஆக்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் செல்லும். நான்கைந்து ஆண்டுகளில் ஆக்கித்தரும்படி 1931இல் கட்டளை பிறந்தது. அவ்வேளையில் ட்ரோஃபிம் லைஸென்கோ என்பவர் முன்வந்தார். விதையை நனைத்துக் குளிர வைத்தால் பயிரின் இயல்பையே மாற்றலாமென்றும், சூழ்நிலையாற் பெற்ற குணம் சந்ததிக்கு இறங்குமென்றும், பாரம்பரியக் கூறுகள் என்பன கற்பனையென்றும் அவர் கூறினார். குடியானவர் குலத்திற் பிறந்தவர் என்பதனாலும், விரைந்த பலனை வாக்களித்தமையாலும் ஸ்டாலினுடைய தயவைப் பெற்றார்.

ஒன்றை மறைக்காமற் சொல்வோம். லைஸென்கோவின் குளிர்வித்தல் முறையைத் தொடக்கத்திற் பாராட்டி உயர்த்தியவர்களுள் வாவிலோவும் ஒருவர். எந்தப் புதுமுயற்சியிலும் ஏதேனும் நன்மை காணும் இயல்பினர் அவர். பொய்யென்று தெளிந்தபின் எதிர்த்து நின்றார். ஆயின் அதற்குள் லைஸென்கோவின் கை ஓங்கிவிட்டது. 1935இல் வாவிலோவ் விவசாய சாஸ்திர சங்கத் தலைமையினின்று நீக்கப்பட்டார். 1938இல் லைஸென்கோ அப்பதவியில் அமர்ந்தார். 1939இல் எடின்பரோவிற் கூடிய உலகப் பாரம்பரிய சாஸ்திர மகாநாடு வாவிலோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தும், அங்குச் செல்ல அவருக்கு அநுமதி கிடைக்கவில்லை. நண்பர் பலர் ஒவ்வொருவராய்ச் சிறைப்பட்டனர். தமக்கும் அதுவே நேருமென்று அறிந்திருந்தும், மெண்டலுடைய கொள்கையை மறுத்து ஒரு வரி எழுத அவர் இசையவில்லை. எழுதியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும்.

1940ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6ந் தேதி உக்ரேனின் மேற்கெல்லையிலுள்ள செர்னோவ்ட்ஸி ஊரருகே அவர் விதை சேகரித்துக்கொண்டிருந்தபோது, மாஸ்கோவிலிருந்து அவசர அழைப்பென்று கூறி ஒரு மோட்டார் வண்டியில் அவரை ஏற்றிச் சென்றனர். அவருடைய பையை நண்பர்கள் பின்னர்ப் பிரித்துப் பார்க்கையில், அன்றைய தினம் கண்டெடுத்த பழங்காலக் கோதுமை வகையொன்றின் கதிர்க்கட்டு அதில் இருந்தது.

மாதக்கணக்காய், இரவு பகலாய் நின்ற நிலையில் விசாரணை நடந்தது. வேவுகாரர், நாசவேலைக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1941ஆம் வருஷம் ஜூலை 9ந் தேதி சில நிமிஷ நேரமே நடந்த நியாய விசாரணையில் மரண தண்டனை பெற்றார். பயற்றறிஞர் கொவோரோவும், முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் கலந்து புதிய இனம் படைத்த கார்ப்பெச்சென்கோவும் அம்மாதமே சுட்டுக் கொல்லப்பட்டனர். வாவிலோவுடைய தண்டனை மட்டும் நிறைவேறாது நின்றது. ஜெர்மானியர் மாஸ்கோவை நெருங்கவே, அக்டோபர் மாதத்தில் அவரை ஸராட்டோவ்ச் சிறைக்கு மாற்றினர். இளம் பேராசிரியராய்ப் புகழ்பெற்று, விதியை வெளியிட்டுக் கரகோஷம் பெற்ற அதே நகரம். ஜன்னலில்லாத நிலவறையில் உடனிருந்த கைதிகளுக்கு அவர் தாவர சாஸ்திரப் பிரசங்கங்கள் செய்தார். முன்னர் மாஸ்கோச் சிறையிலிருந்தபோது உலக உழவுத்தொழிலின் சரித்திரத்தை ஒரு பெரு நூலாய் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி அழிந்துபோயிற்று.

முதிய ஆசிரியராகிய பிரியானிஷ்னிகோவ் மாத்திரம் அஞ்சாமல் அதிகாரிகளிடம் முறையிட்டுக்கொண்டேயிருந்தார். சிறையிலிருந்த மாணாக்கருக்கு அரசாங்கத்தின் உயர்ந்த பரிசை அளிக்க வேண்டுமென்று பரிந்துரையும் செய்தார். அந்நாளில் அதனினும் துணிவான செயல் வேறொன்றும் நமக்குத் தோன்றவில்லை. 1942இல் மரண தண்டனை இருபது வருஷச் சிறைவாசமாய் மாற்றப்பட்டது. அவ்வருஷமே லண்டன் ராயல் சங்கம் அவரைத் தன் அயல்நாட்டு அங்கத்தினராய்த் தேர்ந்தெடுத்தது. அவர் எங்கிருக்கின்றார் என்பது அச்சங்கத்தார்க்குத் தெரியாது. 1943ஆம் வருஷம் ஜனவரி மாதம் 26ந் தேதி அவர் சிறை மருத்துவசாலையில் உயிர்நீத்தார். உலகின் பசியைத் தீர்க்க விதை தேடியவருடைய உடல் பசியினாலேயே நைந்திருந்தது. பொதுக்குழியிற் புதைத்தனர்.

எலேனா அம்மையாரும் இளமகன் யூரியும் போருக்குத் தப்பி ஸராட்டோவிலேயே வந்து தங்கியிருந்தனர். கணவர் அதே நகரத்துச் சிறையில் இருக்கிறாரென்பது அம்மையாருக்குத் தெரியாது. மாஸ்கோச் சிறையில் இருப்பதாக எண்ணி, தாமும் பட்டினியாயிருந்த அக்காலத்தில், உணவுப் பொட்டலங்களை அங்கேயே அனுப்பி வந்தார். சகோதரர் செர்கெய் 1945இல் சோவியத் சாஸ்திர சங்கத்தின் தலைவராக்கப்பட்டு, தமையனைக் கொன்ற ஆட்சியிலேயே 1951இல் மரணமடையும்வரை அப்பதவியை வகித்தார். அதனை ஏற்றது கோழைத்தனமோ, எஞ்சியோரைக் காக்கும் கடமையோ என்று ருஷியர் இன்றும் வாதிக்கின்றனர். அந்நிலையில் நில்லாத நாம் தீர்ப்புக் கூறுவது தகாது.

இனி விதைகளின் கதை. 1941ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டது. ஏறத்தாழத் தொள்ளாயிரம் நாட்கள் நீடித்த அம்முற்றுகையில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். ஈசாக் சதுக்கத்தை அடுத்திருந்த அந்நிலையத்திலோ டன் கணக்கில் நெல், கோதுமை, பயறு, வேர்க்கடலை முதலியன இருந்தன. இருளும் உறைபனியும் சூழ்ந்த அறைகளில் வேலையாட்கள் முறைவைத்து எலிகளினின்றும் மனிதரினின்றும் அவற்றைக் காத்தனர். தலைவர் எங்கே என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர் பெயரைச் சொல்வதும் ஆபத்து. வேர்க்கடலைக்குப் பொறுப்பாயிருந்த ஷ்சூக்கின் மேஜையருகிலேயே இறந்தார். நெல்லைக் காத்த இவானோவ், பல்லாயிரம் நெற்பொட்டலங்கள் சூழ்ந்திருக்கப் பசியால் மடிந்தார். ஓட்ஸ் தானியத்தைக் காத்த ரோடினா அம்மையாரும் அவ்வாறே மாண்டார். இவர்களைப் போல் இன்னும் பலர். விதையை யாரும் தின்னவில்லை.

1955இல் சோவியத் நீதிமன்றம் வாவிலோவ் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. நோயுற்றிருந்த எலேனா அம்மையார் கணவருடைய கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குபடுத்தும் வேலையில் முனைந்து, அது முடியுமுன் 1957இல் காலமானார். ஐந்து கண்டங்களிலும் செய்த யாத்திரைகளைப் பற்றி வாவிலோவ் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட ஏடுகளிற் பெரும்பகுதி அழிந்தது. நிலையத்தின் காரியதரிசியான ஓர் அம்மையார் பல்லாண்டுகள் மறைத்துக் காத்த பகுதி மாத்திரம் எஞ்சி, 1962இல் நூலாய் வெளிவந்தது.